பாலுண்ணி: கிள்ள வேண்டாம், சுட வேண்டாம்! பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கம்போங் ராஜாவில் வசிக்கும் என் அக்கா ஒரு நாள் இரவு புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். ஆறு வயது மகளின் அக்குளுக்குக் கீழே, வெந்த சவ்வரிசியை ஒட்டி வைத்தது போல ஏழெட்டுப் பருக்கள். படத்தின் கீழே குரல் பதிவு. "பாலர் பள்ளி டீச்சர், இது ஒட்டுற நோய், நல்லா ஆனதும் அனுப்புங்கனு சொல்லிட்டாங்க. அத்தை சுண்ணாம்பு வெச்சா ரெண்டு நாள்ல உதிர்ந்துடும்ங்கறாங்க. என்ன செய்றதுன்னு நீயே சொல்லு."

டீச்சர் சொன்னதும் அத்தை சொன்னதும் பிள்ளையின் நன்மைக்காகத்தான். ஆனால், இரண்டுமே தவறான யோசனைகள். முதலாவதைக் கேட்டால் ஓராண்டுக்கு மேலும் பிள்ளையின் படிப்பு கெடலாம். இரண்டாவதைக் கேட்டால் தானாக மறையப்போகும் ஒரு பரு, ஆயுள் முழுவதும் நிற்கும் தழும்பாக மாறலாம்.

பாலுண்ணி உயிரைப் பறிக்கும் நோய் அல்ல. பெரும்பாலும் மருந்தே இல்லாமல் போய்விடும். அதில் வரும் பாதிப்பின் பெரும்பகுதி, அவசரப்பட்டு நாம் செய்யும் வைத்தியத்தால் வருவது. எனவே எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எப்போது கிளினிக்கிற்குப் போக வேண்டும் என்பதைப் பெற்றோர்கள் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

ஒரு பெயர், மூன்று வகை

'பாலுண்ணி' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. வைத்தியம் தவறிப்போவதற்கு இந்தப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம்.

முதலாவது, மருத்துவர்கள் 'மொலஸ்கம் கொந்தாகியோசம்' என்று அழைப்பது. அக்கா மகளுக்கு வந்தது இதுதான். தோல் நிறத்திலோ வெளிர் சிவப்பிலோ, முத்து போலப் பளபளப்பாக, உருண்டையாக இருக்கும். பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவு. கூர்ந்து பார்த்தால் நடுவில் தொப்புள் போல ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழிதான் இதன் அடையாளம். உள்ளே தயிர்க்கட்டி போன்ற வெள்ளைப் பொருள் இருக்கும். பிள்ளைகளுக்கு முகம், கழுத்து, உடம்பு, அக்குள், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களில் அதிகம் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பெரும்பாலும் வராது.

இரண்டாவது, மரு. மலாய் மொழியில் 'கெத்துவாட்' என்பார்கள். இது சொரசொரப்பாக, கெட்டியாக இருக்கும். விரல், நகத்தின் ஓரம், முழங்கால், பாதம் ஆகிய இடங்களில் வரும். உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். அவை வேர் அல்ல. உறைந்து போன மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்.

மூன்றாவது, கழுத்திலும் அக்குளிலும் சிறு காம்புடன் தொங்கும் மென்மையான சதை. இது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. தொற்றுநோயே அல்ல.

முதல் இரண்டும் வைரஸ் கிருமியால் வருபவை. ஆனால் இரண்டும் வேறு வேறு கிருமிகள். மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் குடும்பம். பாலுண்ணிக்குக் காரணம் அம்மைக் கிருமிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ். பெரியம்மை 1980ஆம் ஆண்டு உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகு, மனிதர்களிடம் மட்டுமே வாழும் அந்தக் குடும்பத்துக் கிருமியாக எஞ்சியிருப்பது இதுதான். குடும்பப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரியம்மை உடல் முழுவதையும் தாக்கியது. பாலுண்ணிக் கிருமி தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவதில்லை. இரத்தத்தில் கலப்பதில்லை.

'உண்ணி' என்ற சொல்லைக் கேட்டு இது பூச்சிக் கடியால் வருவது என்று நினைப்பவர்களும் உண்டு. நாய், மாட்டு உண்ணிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்ளே இருக்கும் வெள்ளைப் பொருளும், உண்ணி ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற தோற்றமும் பெயரோடு பொருந்திப் போகின்றன, அவ்வளவுதான். இந்த நோயைத் தனியாகப் பிரித்து எழுதி, தொற்றும் தன்மை உடையது என்று பெயரிட்டவர் லண்டன் மருத்துவர் தாமஸ் பேட்மன். ஆண்டு 1817.

எப்படித் தொற்றுகிறது?

பரு உள்ள தோலை நேரடியாகத் தொடுவதால் தொற்றும். பரு பட்ட துண்டு, சட்டை, உடம்பு தேய்க்கும் நார் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வதாலும் தொற்றும். ஒரே பிள்ளையின் உடம்பிலேயே சொறிந்த விரல் வழியாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் பரவும். ஒரு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளிடம் இது அதிகம். கிருமி ஒட்டிய பிறகு பரு தோன்ற இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். ஆகவே, 'யாரிடமிருந்து வந்தது' என்று அண்டை வீட்டுப் பிள்ளையைக் கைகாட்டுவதில் பொருளில்லை.

இது அசுத்தத்தால் வரும் நோயும் அல்ல. நன்றாகக் குளிக்கும் பிள்ளைக்கும் வரும்.

இருந்தாலும், மலைப்பகுதியில் வாழ்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வறண்ட தோல். குளிர் காரணமாகப் பிள்ளைகளுக்கு நல்ல சூடான நீரை ஊற்றுகிறோம். அது தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுகிறது. அதன் மேல் நாள் முழுவதும் கம்பளிச் சட்டை. தோல் வறண்டு அரிக்கிறது, பிள்ளை சொறிகிறது, கிருமி பரவ வழி கிடைக்கிறது. எக்ஸிமா எனப்படும் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்குப் பாலுண்ணி கூடுதலாகப் பரவுவதற்கு இந்தச் சொறிதல் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, துண்டு. மூடுபனியும் மழையுமாக இருக்கும் நாட்களில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. நான்கு பேருக்கு இரண்டு துண்டு என்று ஆகிவிடும். அண்ணன் துடைத்த துண்டில் தங்கை துடைப்பாள். பாலுண்ணி ஒரு வீட்டுக்குள் வலம் வருவதற்கு அது போதும்.

எத்தனை நாளில் போகும்?

பெற்றோர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பதில் சற்றுப் பொறுமையைச் சோதிப்பது.

பிரிட்டனில் 300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2015ஆம் ஆண்டு வெளிவந்தன. பாலுண்ணி முழுமையாக மறைய ஆன சராசரிக் காலம் 13.3 மாதம். 18 மாதம் கடந்தும் 30 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு இருந்தது. இரண்டு ஆண்டுகள் கடந்தும் 13 விழுக்காட்டினருக்கு இருந்தது. 41 விழுக்காட்டு வீடுகளில் இன்னொரு பிள்ளைக்கும் தொற்றியது.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையை இது அதிகம் பாதிக்கவில்லை. ஆனால், பத்தில் ஒரு பிள்ளை மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அரிப்பு, தூக்கமின்மை, சக பிள்ளைகளின் கேலி எல்லாம் சேர்ந்தால் 'தானாகப் போய்விடும்' என்ற ஆறுதல் அந்தப் பிள்ளைக்குப் போதாது. அத்தகைய பிள்ளைக்குச் சிகிச்சை கேட்பதில் தவறில்லை.

ஒவ்வொரு பருவும் ஆண்டுக்கணக்கில் நிற்பதில்லை. ஒன்று சில வாரங்களிலோ மாதங்களிலோ மறையும், அதற்குள் வேறிடத்தில் இரண்டு முளைக்கும். உடலின் எதிர்ப்பு சக்தி இந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளும்வரை இந்தத் தொடர் நடக்கும். கண்டுகொண்டபின் எல்லாம் சேர்ந்து மறையத் தொடங்கும். சின்னம்மைக் கிருமியைப் போல இது உடலுக்குள் ஒளிந்திருந்து பிற்காலத்தில் மீண்டும் கிளம்புவதில்லை. ஆனால், மறுபடியும் வேறொருவரிடமிருந்து தொற்ற வாய்ப்புண்டு.

எல்லா வைத்தியமும் பலித்தது ஏன்?

தமிழ்நாட்டில் வைத்தீஸ்வரன் கோயிலிலும் பல மாரியம்மன் கோயில்களிலும் உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்துவது நெடுநாள் வழக்கம். உப்புக் கரைவது போல உடம்பில் உள்ள பருவும் மருவும் கரையும் என்பது நம்பிக்கை. நம் வீடுகளில் ஒருவர் முடியால் கட்டினால் போகும் என்பார். இன்னொருவர் அம்மான் பச்சரிசிப் பால் என்பார். மற்றொருவர் பூண்டு என்பார். எல்லோருமே 'எனக்குப் போச்சு' என்று உறுதியாகச் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

தானாக மறையக்கூடிய ஒரு நோயில், மறைவதற்குச் சற்று முன்பு எதைச் செய்திருந்தாலும் பெருமை அதற்குப் போய்விடும். ஓராண்டு காத்திருந்து சலித்துப்போன குடும்பம் பதினோராவது மாதத்தில் பூண்டு வைக்கிறது. பன்னிரண்டாவது மாதத்தில் பரு மறைகிறது. பூண்டு பெயர் வாங்கிக்கொள்கிறது. விலை உயர்ந்த களிம்புகளுக்கும் இதே கதைதான். அதனால்தான் ஒரு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை, மருந்து போட்ட பிள்ளைகளையும் போடாத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அவ்வாறு நடந்த ஆய்வுகளைத் திரட்டி, காக்ரேன் என்னும் அனைத்துலக மருத்துவ ஆய்வு அமைப்பு 2017இல் வெளியிட்ட மறுபார்வை, பாலுண்ணிக்கு உறுதியாகப் பலன் தருவது என்று எந்த ஒரு சிகிச்சையையும் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றே முடித்தது.

உப்பும் மிளகும் காணிக்கை செலுத்துவதால் தோலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. மனதுக்கு ஆறுதல் என்றால் தாராளமாகச் செய்யலாம். தோலைச் சுடுவதும் அறுப்பதும்தான் வேறு கதை.

இவற்றைச் செய்யாதீர்கள்

சுண்ணாம்பு: வெற்றிலைச் சுண்ணாம்பைச் சோப்போடும் சலவைச் சோடாவோடும் குழைத்து வைப்பது பழைய வழக்கம். சுண்ணாம்பு கடும் காரத்தன்மை உடையது. அது பருவை மட்டும் தேர்ந்தெடுத்து எரிப்பதில்லை. சுற்றியுள்ள நல்ல தோலையும் ஆழமாக எரிக்கும். பருவோடு தோலும் உதிர்வதைத்தான் 'ரெண்டு நாள்ல போச்சு' என்கிறோம். மிஞ்சுவது தழும்பு.

பிளேடு, ஊசி, நகவெட்டி: உள்ளே இருக்கும் வெள்ளைப் பொருளில்தான் கிருமி நிறைந்திருக்கிறது. கிள்ளினால் அது சுற்றுப்புறத் தோலில் பூசப்படும். ஒன்று இருந்த இடத்தில் நான்கு வரும். அழுக்கு பட்ட இடத்தில் சீழ் பிடிக்கும்.

முடியால், நூலால் கட்டுவது: பாலுண்ணிக்குக் காம்பு இல்லை. கட்டினால் தோல் வெட்டுப்படும், புண்ணாகும்.

எருக்கம்பால், அம்மான் பச்சரிசிப் பால்: இவை தோலைப் புண்ணாக்கக்கூடியவை. அதைவிட ஆபத்து, பிள்ளை தொட்ட கையால் கண்ணைக் கசக்குவது. கண்ணின் கருவிழியைக் கடுமையாகப் பாதிக்கும். முகத்தில் உள்ள பருவுக்கு எந்தச் செடிப் பாலையும் வைக்காதீர்கள்.

பூண்டு, வினிகர், ஊதுபத்திச் சூடு, பேட்டரித் திரவம்: பச்சைப் பூண்டை அரைத்து இரவு முழுவதும் கட்டி வைத்தால் தீக்காயம் போலக் கொப்புளம் வரும். மற்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மரு மருந்து: மருந்தகங்களில் மருவுக்கு விற்கும் சாலிசிலிக் அமிலத் திரவத்தைப் பிள்ளையின் முகத்திலும் அக்குளிலும் உள்ள பாலுண்ணிக்கு நீங்களாகவே தடவாதீர்கள். அது கெட்டியான தோலுக்கு உரியது. மென்மையான தோலை அரித்துவிடும்.

மருத்துவர் என்ன செய்வார்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருத்துவர் முதலில் சொல்வது, காத்திருங்கள் என்பதுதான். 'மருந்தே தரவில்லை' என்று கோபப்பட வேண்டாம். அதுவும் ஒரு சிகிச்சை முடிவுதான்.

பருக்கள் அதிகம் பரவினால், அரிப்பு கடுமையாக இருந்தால், பிள்ளை மனம் வாடினால், சில வழிகள் உள்ளன. திரவ நைட்ரஜனால் உறைய வைக்கலாம். மரத்துப்போகும் களிம்பைத் தடவிவிட்டு, சிறு கரண்டி போன்ற கருவியால் பருவைச் சுரண்டி எடுக்கலாம். இரண்டும் உடனே பலன் தரும். ஆனால் வலி உண்டு. சிறு பிள்ளைகள் பயந்துபோவார்கள். நம்மைப் போன்ற கருமையான தோலில் உறைய வைத்த இடம் சில மாதங்களுக்கு வெளுத்தோ கறுத்தோ தெரியலாம். இதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்மைக் காலத்தில் இரண்டு புதிய மருந்துகள் வந்துள்ளன. கேந்தரிடின் என்பது ஒருவகை வண்டிலிருந்து அறியப்பட்ட பொருள். தோலில் மெல்லிய கொப்புளத்தை உண்டாக்கிப் பருவை உரியச் செய்யும். இதில் தயாரான ஒரு மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஜூலையில் அனுமதி வழங்கியது. இதை மருத்துவ ஊழியர்தான் பூச வேண்டும். வாய்க்குள் போனால் நஞ்சு. இணையத்தில் வாங்கி வீட்டில் பூசுவது விபரீதம். மற்றொன்று பெர்டாசிமர் என்னும் களிம்பு. 2024 ஜனவரியில் அதே அமைப்பின் அனுமதி கிடைத்தது. வீட்டிலேயே நாளுக்கு ஒரு முறை, 12 வாரம் வரை பூசும் வகையைச் சேர்ந்தது.

இமிகுயிமொட் என்னும் களிம்பு சில இடங்களில் பாலுண்ணிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டு வந்தது. பிள்ளைகளிடம் நடத்திய பெரிய ஆய்வுகளில், வெறும் களிம்பைவிட அது கூடுதல் பலன் தரவில்லை. உறவினர் ஒருவருக்குக் கொடுத்த குழாய் மீதமிருக்கிறது என்று வாங்கிப் பூசாதீர்கள்.

சிவந்து வீங்கினால்?

பல மாதம் அமைதியாக இருந்த பரு திடீரென்று சிவந்து, சற்று வீங்கி, மேலே பொருக்குக் கட்டும். 'பழுத்துவிட்டது' என்று பெற்றோர் பதறுவார்கள். பெரும்பாலான நேரங்களில் இது நல்ல அறிகுறி. உடலின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு கிருமியைத் தாக்கத் தொடங்கியிருக்கிறது. சில வாரங்களில் பரு மறையும்.

ஆனால், சிவப்பு நாளுக்கு நாள் அகலமாகப் பரவினால், தொட்டால் சுட்டால், வலி அதிகரித்தால், சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால், அது வேறு கிருமி புகுந்த அடையாளம். அன்றே கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனித் துண்டு. நிறத்தால் பிரித்து வைத்தால் பிள்ளைகளே மாற்றிக்கொள்ள மாட்டார்கள். பனி நாட்களில் முழுமையாகக் காய வைத்துப் பயன்படுத்துங்கள்.

* உடம்பு தேய்க்கும் நாரைப் பகிர வேண்டாம். பரு உள்ள பிள்ளைக்கு நாரே வேண்டாம், கை போதும். அண்ணன் தங்கையை ஒரே தொட்டியில் குளிப்பாட்டாதீர்கள்.

* கொதிக்கும் சூட்டைக் குறைத்து, வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் மட்டும் குளிக்க வையுங்கள். துடைத்த உடனே வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பைத் தடவுங்கள். அரிப்பு குறைந்தால் பரவலும் குறையும்.

* கம்பளிச் சட்டைக்கு உள்ளே பருத்திச் சட்டை போடுங்கள்.

* நகங்களை ஒட்ட வெட்டுங்கள். பருவைத் தொட்டால் கை கழுவப் பழக்குங்கள்.

* வெளியே தெரியும் பருக்களைச் சட்டையாலோ பிளாஸ்டராலோ மூடுங்கள். இரவில் பிளாஸ்டரை எடுத்துத் தோலைக் காற்றாட விடலாம்.

* மாதம் ஒரு முறை கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கூடுகிறதா குறைகிறதா என்று மருத்துவருக்குக் காட்ட உதவும்.

* கரப்பான் உள்ள பிள்ளை என்றால், அதற்கான களிம்பைத் தொடரலாமா, எங்கே பூசலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகவே பாலுண்ணியின் மேல் பூசாதீர்கள்.

பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். அனுப்பவும் வேண்டும்.

கை, கால், வாய்ப்புண் நோய்க்கும் சின்னம்மைக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சொல்வது முறை. அவை வேகமாகப் பரவும், ஓரிரு வாரங்களில் முடியும். பாலுண்ணி அப்படியல்ல. ஓராண்டுக்கு மேலும் இருக்கக்கூடிய ஒன்றுக்கு 'நல்லா ஆனதும் வரட்டும்' என்றால் அந்தப் பிள்ளை முதலாம் ஆண்டுக்குள் எழுத்தறியாமல் நுழையும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் பிரிட்டன் பொதுச் சுகாதாரச் சேவையும், பாலுண்ணிக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஒதுக்கத் தேவையில்லை என்றே ஆலோசனை கூறுகின்றன.

பருக்களை மூடி அனுப்புங்கள். நீச்சலுக்குப் போனால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், துண்டையும் மிதவைப் பலகையையும் பகிராமல் பாருங்கள். ஆசிரியர் தயங்கினால் வாக்குவாதம் வேண்டாம். கிளினிக்கில் காட்டி, நோயின் பெயரும் பிள்ளை பள்ளிக்கு வரலாம் என்பதும் எழுதிய ஒரு குறிப்பை வாங்கிக் கொடுங்கள். மற்ற பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர் அந்த ஆசிரியர். அவருக்கும் ஒரு தாள் தேவைப்படுகிறது.

பெரியவர்களுக்கு வந்தால்

பெரியவர்களுக்குத் தொடையிலும் அடிவயிற்றிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் வந்தால், அது பெரும்பாலும் உடலுறவின் வழி தொற்றியது. வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற பால்வினைத் தொற்றுகள் இருக்கின்றனவா என்று சேர்த்துச் சோதிப்பார்கள். பரு உள்ள இடத்தைச் சவரம் செய்தால் கத்தி போன பாதையெல்லாம் பரவும். பெரியவர் ஒருவருக்கு முகத்திலும் உடம்பிலும் பெரிதாக, ஏராளமாக வந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. சோதனையும் அதில் அடங்கும்.

சிறு பிள்ளைக்கு மறைவிடத்தில் வந்தால் உடனே தவறாக எண்ணிவிட வேண்டாம். சொறிந்த கையாலும் துண்டாலும் அங்கே பரவுவது உண்டு. இருந்தாலும், மனதில் ஐயம் இருந்தால் மருத்துவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளையை மிரட்டி விசாரிக்காதீர்கள்.

மரு என்றால்?

சொரசொரப்பான மருவும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானாகப் போய்விடும். சிகிச்சை வேண்டுமென்றால், கை, கால் மருவுக்கு ஓரளவு உறுதியான சான்றுள்ள முதல் மருந்து சாலிசிலிக் அமிலம். இரவில் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, மேல் தோலை மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டு, சுற்றுத் தோலில் படாமல் மருவின் மேல் மட்டும் பூச வேண்டும். மூன்று மாதம் வரை விடாமல் செய்ய வேண்டும். பத்து நாளில் கைவிடுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. தேய்க்கும் கல்லையோ அட்டையையோ வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் எதையும் நீங்களாகவே பூசவோ வெட்டவோ கூடாது. சிறு புண்ணும் பெரிதாகிவிடும்.

எப்போது, எங்கே செல்வது?

கண் இமையிலோ கண்ணுக்கு மிக அருகிலோ பரு வந்தால், கண் சிவந்தால், கரப்பானோடு சேர்ந்து வேகமாகப் பரவினால், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் என்றால், என்ன நோய் என்றே சந்தேகம் இருந்தால், காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் இரவில் கடுமையான அரிப்பு என்றால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து கட்டாயம் தேவை.

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி. பாலுண்ணியைப் பார்த்த மாத்திரத்திலேயே மருத்துவர் கண்டுகொள்வார், இரத்தப் பரிசோதனை தேவைப்படாது. தேவையென்றால் தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கோ, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்கோ சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பெறலாம். கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போ போய்வர வேலையில் ஒரு நாள் போய்விடும். ஆகவே, மாதாந்தரப் படங்களையும் இதுவரை பூசிய மருந்துகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சுண்ணாம்பு வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டினாலும் பரவாயில்லை, சரியான சிகிச்சை கிடைக்கும்.

அக்கா மகளைக் கிளினிக்கில் காட்டினார்கள். மருத்துவர் மருந்து எதுவும் தரவில்லை. ஈரப்பசைக் களிம்பும், பாலர் பள்ளிக்கு ஒரு குறிப்பும் கொடுத்தார். டீச்சர் குறிப்பைப் படித்துவிட்டு மறுநாளே பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று துண்டுகள் வந்தன. அத்தைதான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு, பிள்ளைக்குக் குளித்தவுடன் களிம்பு தடவும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

பத்தாவது மாதத்தில் பருக்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அக்கா பதறி மறுபடியும் படம் அனுப்பினார். அடுத்த சில வாரங்களில் எல்லாம் மறைந்தன. இப்போது அவள் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அக்குளுக்குக் கீழே எங்கே இருந்தன என்று தேடினாலும் தெரியவில்லை.